ஊதக்காவின் திங்கட்கிழமை அளவு

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், நெஞ்சு நோய்ப் பிரிவின் கடைசி அறையில் வேலை பார்ப்பவளுக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் ஊதக்கா. காரணம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, நடைபாதையில் ஒரு நிமிஷம் நின்றால் போதும். "நல்லா இழுங்க, இழுங்க, இன்னும் இழுங்க. இப்ப ஊதுங்க. ஊது ஊது ஊது ஊது, விடாதீங்க, இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு, அவ்வளவுதான்." ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை இந்தக் கூச்சல் கதவைத் தாண்டி வெளியே வரும். அவள் சத்தத்தில் பயந்தே பாதிப் பேர் நன்றாக ஊதிவிடுவார்கள்.

வேலை பார்க்க எளிதாகத்தான் இருக்கும். வந்தவர் மூக்கில் ஒரு கிளிப் மாட்டி, அட்டைக் குழாயைக் கவ்வச் சொல்லி, மெஷினுக்குள் ஊத வைக்க வேண்டும். மொத்தம் எவ்வளவு காற்று வெளியே வருகிறது, அதில் முதல் ஒரு நொடியில் எவ்வளவு வருகிறது என்று மெஷின் கோடு போட்டுக் காட்டும். அந்த முதல் நொடி அளவுதான் ஆளின் ஜாதகம். மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் அதில் தெரிந்துவிடும். வாயால் எத்தனை பொய் சொன்னாலும் அங்கே ஒளிக்க முடியாது.

மெஷின் பொய் சொன்னால் என்ன செய்வது? அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் மூன்று லிட்டர் பிடிக்கிற பெரிய சிரிஞ்சால் மெஷினுக்குள் காற்றைத் தள்ளுவாள். மெஷின் மூன்று என்று சொல்ல வேண்டும். அது போதாதென்று, திங்கட்கிழமைதோறும் நோயாளிகள் வருமுன் அவளே உட்கார்ந்து ஊதுவாள். சிரிஞ்சு வேறு, மனுஷ மூச்சு வேறு. ஆரோக்கியமான, வாரா வாரம் மாறாத ஒரு நுரையீரல் இருந்தால்தான் மெஷினைச் சோதிக்க முடியும். அந்த மாறாத நுரையீரல் பதினொரு வருஷமாக அவளுடையது. முதல் நொடியில் இரண்டே முக்கால் லிட்டர். ஜலதோஷ நாட்கள் போக, கூடினாலும் குறைந்தாலும் ஒரு மடக்குக் காபி அளவுக்குமேல் மாறியதில்லை. நோட்டில் அந்த அளவுகளை வரிசையாகப் பார்க்கும்போது அவளுக்கு ஒரு கர்வம் வரும். வெளியே சொல்லிக்கொள்ள முடியாத கர்வம். நுரையீரல் அழகாக இருக்கிறது என்று யார் பெருமையடித்துக்கொள்வார்கள்?

அந்த நோட்டில்தான் கோளாறு ஆரம்பித்தது. ஐந்து திங்கட்கிழமைகளாக அளவு இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டு புள்ளி ஆறு எட்டு, ஆறு மூன்று, ஆறு, ஐந்து ஐந்து. ஐந்தாவது வாரம் இரண்டரைக்கு வந்து நின்றது. சளி கிளி ஒன்றும் இல்லை. அவள் சிவப்பு மையை எடுத்து, 'மெஷின் குறைத்துக் காட்டுகிறது' என்று எழுதிவைத்தாள்.

சிரிஞ்சு என்னமோ தினமும் ஒழுங்காக மூன்று என்றுதான் சொன்னது. புத்தியுள்ள எவரும் அங்கேயே நின்று யோசித்திருப்பார்கள். ஊதக்காவுக்குப் புத்திக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் பதினொரு வருஷம் தானே அளவுகோலாக இருந்தவளுக்கு, அளவுகோலை எடுத்து அளக்கத் தோன்றுமா? சிரிஞ்சின் வாஷர் தேய்ந்து, மெஷினும் சிரிஞ்சும் கூட்டுச் சேர்ந்து தப்புப் பண்ணுகின்றன என்று முடிவு கட்டினாள். அந்த வாரம் சுமாரான அளவு வந்த ஒன்பது பேரிடம், "கவலப்படாதீங்க, மெஷின்தான் சரியில்ல, அப்புறம் கூப்பிடறேன்" என்று சொல்லி அனுப்பினாள். ஒன்பது பேரும் சந்தோஷமாகப் போனார்கள். கம்பெனிக்குப் புகார் போனது.

இனி வீட்டுக்கு வருவோம். நோட்டில் அளவு இறங்கியதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அந்தப் பிழைப்பில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் போகிற கட்டிடத்தில் எல்லாம் லிஃப்ட் ஓடாது. ஓடினால் அவரை எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்? மோட்டார் அறையோ மொட்டை மாடியில் இருக்கும். ஆகவே லிஃப்டையே கட்டிக்கொண்டு அழுகிற மனுஷர் வாழ்நாள் முழுக்கப் படியேறியாக வேண்டும். அப்படி ஏறுகிற ஆள் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட்டும் பிடித்தார். நுரையீரல் அறையில் வேலை பார்க்கிறவள் வீட்டுக்குள் புகைய விடுவாளா? கல்யாணமான முதல் மாதமே பால்கனிக்குத் துரத்திக் கதவைச் சாத்தினாள். பதினாறு வருஷம் அவர் அங்கே தனியாக நின்று புகைத்தார். அவள் உள்ளே தனியாக உட்கார்ந்து டிவி பார்த்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஐந்தாவது மாடிப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். அவளே அவரை மெஷினில் ஊத வைத்தாள். அவர் வயசுக்கும் உயரத்துக்கும் நூறு வர வேண்டிய இடத்தில் ஐம்பத்தெட்டு வந்தது. அவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அந்த ஐம்பத்தெட்டு வருஷா வருஷம் எங்கே போகும், கடைசியில் எந்தக் கட்டிலில் எந்தச் சிலிண்டரோடு போய்ப் படுக்கும் என்று அவளுக்கு மனப்பாடம்.

அவரும் முயற்சி பண்ணாமல் இல்லை. நிக்கோடின் சூயிங்கம் மூன்று வாரம் தாங்கியது. தோளில் ஒட்டுகிற பட்டை இரண்டு மாதம். பெண்டாட்டி தலையில் அடித்துச் செய்த சத்தியம் ஒரு மத்தியானம். கடைசியில் வேப் வாங்கி வந்தார். விரல் நீளத்தில் ஒரு டப்பா, சார்ஜ் போட்டு இழுத்தால் பழ வாசனையோடு ஆவி வரும். என்ன மாயமோ, அது நிலைத்துவிட்டது. ஒன்றரை வருஷமாக ஒரு சிகரெட் தொடவில்லை. காலை இருமல் போனது. எட்டாவது மாடிவரை நிற்காமல் ஏறுகிறேன் என்று போன் பண்ணிப் பீற்றிக்கொண்டார்.

புகை இல்லை என்றானதும் பால்கனிக் கதவு திறந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து இரண்டு பேரும் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஒருநாள் விளையாட்டாக, "இந்தா, நீயும் ஒரு இழு இழுத்துப் பாரு, மாம்பழ வாசனை" என்று நீட்டினார். வாழ்க்கையில் சிகரெட் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள் வாங்கி இழுத்தாள். அடுத்த நாளும் இழுத்தாள். எட்டு மாதத்தில் அவளுக்கென்று தனி டப்பாவே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வருஷத்துக்கு ஒரு தடவை நிரப்புகிற படிவத்தில் புகைப்பழக்கம் உண்டா என்ற கேள்விக்கு, இல்லை என்று கூச்சமில்லாமல் டிக் போட்டாள். புகை எங்கே இருக்கிறது, ஆவிதானே.

அவர் அடிக்கடி ஒன்று சொல்வார். "இதுவும் கெடுதல்னு யாராவது எங்கிட்ட நிரூபிச்சாங்கன்னு வெச்சுக்கோ, நான் பழைய சிகரெட்டுக்கே போயிடுவேன். ரெண்டும் ஒண்ணுன்னா இந்த டப்பாவுக்கு எதுக்கு சார்ஜ் போட்டுக் கஷ்டப்படணும்?" சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் சத்தியம் பண்ணி ஒரு மத்தியானம் தாங்கிய ஆள் என்பது அவளுக்கு மறக்காது.

புகார் கொடுத்த மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து சர்வீஸ்காரர் வந்தார். ஐம்பது தாண்டிய, அதிகம் பேசாத மனுஷர். பையிலிருந்து தன்னுடைய சிரிஞ்சை எடுத்துத் தள்ளினார். மூன்று. வேகமாகத் தள்ளினார், மெதுவாகத் தள்ளினார். மூன்று, மூன்று. அவளுடைய பழைய சிரிஞ்சையும் தள்ளினார், அதுவும் மூன்று. பிறகு மூக்கில் கிளிப் மாட்டி அவரே ஊதினார்.

"மூணு புள்ளி ஒண்ணு. எந்த மெஷின்ல ஊதினாலும் எனக்கு இதுதான் வரும்மா. போன வாரம் வேற ஆஸ்பத்திரியில ஊதினேன், அங்கயும் இதுதான்."

"அப்ப என்னோடது மட்டும் ஏன் குறையுது?"

அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். சிவப்பு மையில் எழுதியிருந்ததையும் படித்தார். மூடிக் கொடுத்தார்.

"மெஷினுக்கு ஒண்ணும் இல்லம்மா. உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு?"

பதினொரு வருஷத்தில் அந்த அறையில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. பதில் சொல்ல வாயைத் திறந்தாள், இருமல் வந்தது. அந்த இருமல் ஒரு மாதமாகவே இருக்கிறது, ஏசி காற்றுக்கு வருகிறது என்று அவள் தனக்குத்தானே சொல்லிவைத்திருந்தாள். சர்வீஸ்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன பிறகும் அவள் ரொம்ப நேரம் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அவள் மூச்சைப் பற்றிய பயத்தைவிட, சாயங்காலம் வீட்டில் என்ன சொல்வது என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

அந்தப் பிரிவின் டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அந்த அம்மா கோபக்காரி. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"முதல்ல அந்த ஒம்பது பேரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேளு. அவங்க அளவு சரியான அளவுதான். அப்புறம், சின்ன வயசுல உனக்கு வீசிங் இருந்துச்சா?"

"ஆறு ஏழு வயசுல இருந்துச்சு டாக்டர். அப்புறம் போயிடுச்சு."

"அதுதான். அந்த ஆவியில நிக்கோடின் இருக்கு, கண்ணுக்குத் தெரியாத துகள் இருக்கு, வாசனைக்குப் போடற கெமிக்கல் இருக்கு. உன் மூச்சுக்குழாய்க்கு அது ஒத்துக்கல, வீங்கியிருக்கு. நிறுத்து. பெரும்பாலும் திரும்பி வரும்னு நினைக்கிறேன், சத்தியம் பண்ண மாட்டேன்."

"அவருக்கு நல்லாத்தானே இருக்கு டாக்டர்."

"அவர் எதை விட்டுட்டு இதுக்கு வந்தாருன்னு பாரு. சிகரெட்ல இலை எரியுது. எரியறதுல வர்ற தாரு, கார்பன் மோனாக்சைடு, இன்னும் ஆயிரம் விஷம். அதெல்லாம் இதுல இல்ல, இல்லன்னா ரொம்பக் கம்மி. அவருக்கு இது லாபம். ஆனா ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சா அந்த லாபமும் போச்சு. இதையே முப்பது வருஷம் இழுத்தா என்ன ஆகும்னு கேட்டா, யாருக்கும் தெரியாது. முப்பது வருஷமா இழுத்தவங்க இன்னும் யாரும் இல்ல. அவரும் கொஞ்சம் கொஞ்சமா விடத்தான் வேணும். நீ தொட்டதே தப்பு. உனக்கு இதுல எந்த லாபமும் இல்ல."

"இதை அவர்கிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா சிகரெட்டுக்குப் போயிடுவேங்கறார்."

டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எனக்கு நுரையீரல் தெரியும். புருஷன்மாரைப் பத்தித் தெரியாது" என்றார்.

ஒன்பது போன் பண்ணி ஒன்பது பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அது சுலபமாக இருந்தது. வீட்டில் நாலு நாள் நாடகம் நடத்தினாள். பால்கனியில் வழக்கம்போல உட்கார்ந்து, டப்பாவை உதட்டில் வைத்து எடுத்தாள், இழுக்கவில்லை. நிக்கோடின் கிடைக்காத உடம்பு சும்மா இருக்குமா? தலை வலித்தது, எல்லோர் மேலும் எரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் 'ஊது ஊது' சத்தம் இரண்டாவது மாடிவரை கேட்டது. நாலாம் நாள் அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவளையே பார்த்தார்.

"நானும் ரெண்டு நாளாப் பார்க்கறேன். நீ இழுக்கற மாதிரி இருக்கு, ஆனா ஆவியே வரலயே. டப்பா ரிப்பேரா?"

"டப்பா நல்லாத்தான் இருக்குங்க. நான்தான் ரிப்பேர்" என்றவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே ஐந்து திங்கட்கிழமைகளையும் சொன்னாள்.

அவர் கேட்டு முடித்தார். கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். அவள் பயந்த அந்தக் கேள்வி சிரிப்பில்லாமல் வந்தது.

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானா?"

"ஒண்ணு இல்ல. நான் வாயால சொன்னா நம்ப மாட்டீங்க. நாளைக்கு வந்து ஊதுங்க."

இரண்டு வருஷமாக அந்த அறைப் பக்கம் வர மாட்டேன் என்று நழுவிக்கொண்டிருந்தவர். ஐம்பத்தெட்டைவிடக் குறைந்திருந்தால் என்ன செய்வது என்கிற பயம். மறுநாள் மதியம் கிரீஸ் படிந்த உடுப்போடு வந்து நின்றார். லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் படியில்தான் ஏறி வந்தாராம். அவள் கிளிப்பை மாட்டினாள். அன்றைக்கு அவள் கத்தவில்லை. அவராகவே ஊதினார். மூன்று தடவை ஊதினார்.

அறுபத்தைந்து.

அவள் அந்தக் காகிதத்தையும் தன்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று மேலே ஏறியிருந்தது, ஒன்று கீழே இறங்கியிருந்தது. ஒரே பால்கனி, ஒரே வாசனை. அவர் மாற்றி மாற்றிப் பார்த்தார். தன் தொழிலை வைத்துத்தான் அவருக்கு எதுவும் விளங்கும்.

"கெடுதல் கணக்குல நான் பத்தாவது மாடியில இருந்து மூணாவதுக்கு இறங்கியிருக்கேன்" என்றார் மெதுவாக. "நீ தரையில நின்னுட்டு இருந்தவ, மூணாவதுக்கு ஏறி வந்திருக்க. ரெண்டு பேரும் ஒரே மாடியில இருக்கோம்னு நான் சந்தோஷமா உட்கார்ந்திருக்கேன்."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நான் நீட்டினா நீ ஏன் வாங்கின? பழ வாசனைக்கா? நீ இதெல்லாம் தெரிஞ்சவ."

"வாசனைக்கு இல்லங்க. பதினாறு வருஷம் நீங்க வெளியே, நான் உள்ளே. கதவைச் சாத்தினது நான்தான், இல்லேங்கல. திறந்த பிறகு உங்ககூட உட்கார்ந்து பேசறது நல்லா இருந்துச்சு. அதுக்கு என்ன வேணுமோ அதைப் பிடிச்சுக்கிட்டேன்."

அவர் மூக்குக் கிளிப்பைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். கழற்றியபோது கண் சிவந்திருந்தது. கிளிப் அழுத்தியதால் என்றார்.

"சிகரெட்டுக்குப் போயிடுவீங்களா?" என்று அவள் கேட்டே விட்டாள்.

"தெரியல" என்றார் அவர். பொய் சொல்லவில்லை என்பதே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அன்று சாயங்காலமே தன் நாற்காலியைப் பால்கனியின் அந்தக் கோடிக்கு நகர்த்திப் போட்டார். ஆவி அவள் பக்கம் வரக்கூடாதாம். நடுவில் துணி காயப்போடுகிற கொடி, கீழே தெருவில் வண்டிச் சத்தம். இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேச வேண்டியதாயிற்று. அவர்கள் குடும்ப விஷயம் முழுக்கக் கீழ்வீட்டு அம்மாவுக்கு அத்துப்படி ஆனது. அந்த அம்மா ஒருநாள் படியில் மடக்கி, "உங்க நாத்தனார் விஷயம் அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

எல்லாம் நேர்க்கோட்டில் போனது என்று சொன்னால் அது கதை. நடந்தது அப்படி இல்லை. மூன்றாவது வாரம் ஒரு கட்டிடத்துக்காரனோடு சண்டை போட்டுவிட்டு அவர் ஒரு சிகரெட் வாங்கிப் பாதி பிடித்தார். மீதியைப் போட்டு மிதித்துவிட்டு, அங்கிருந்தே அவளுக்குப் போன் பண்ணிச் சொன்னார். அவள் திட்டவில்லை. எத்தனையாவது மாடியில் இருக்கீங்க என்று மட்டும் கேட்டாள். டப்பாவில் ஊற்றுகிற திரவத்தில் நிக்கோடின் அளவை டாக்டரம்மா சொன்னபடி ஒரு படி குறைத்தார், அப்புறம் இன்னொரு படி. குறைத்த வாரங்களில் வீட்டில் வாய் திறந்தால் சண்டைதான். அவளுக்கோ இருமல் போக ஐந்து வாரம் ஆனது. திங்கட்கிழமைக் காலையில் மெஷினைச் சரிபார்க்க இப்போது வேறொரு டெக்னீஷியன் வந்து ஊதுகிறான். அது அவளுக்கு வலித்தது. இருந்தாலும் அவன் போன பிறகு அவளும் தனக்காக ஒரு தடவை ஊதி, தனி நோட்டில் குறித்துக்கொண்டாள். இரண்டு புள்ளி ஐந்து நான்கு. ஐந்து எட்டு. ஆறு நான்கு. பழைய முக்காலுக்கு வருமா வராதா, தெரியாது. ஏறிக்கொண்டிருந்தது, அது தெரியும்.

நாலு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை. வெயில் சாய்ந்த நேரம். அவள் பால்கனியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் வந்தார். அந்தக் கோடிக்குப் போனார், நாற்காலியைத் தூக்கினார், கொடியில் தொங்கிய சட்டையைத் தலையால் விலக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில், முழங்கால் முழங்காலில் இடிக்கிற மாதிரி போட்டு உட்கார்ந்தார். அவள் அவர் கையைப் பார்த்தாள். சட்டைப் பையைப் பார்த்தாள். இரண்டிலும் ஒன்றும் இல்லை. உள்ளே மேஜையில் அந்த டப்பா மூன்று நாளாகச் சார்ஜ் போடாமல் கிடப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"என்ன, இன்னைக்கு இந்தப் பக்கம்?" என்றாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டு.

"அங்க உட்கார்ந்தா நீ பேசறது பாதி காதுல விழல" என்றார் அவர்.